மலையேறும் வண்டிகளும் மறைந்துவரும் நம்பிக்கையும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. தேர் எத்துணைப் பெரிதாயினும், அதனை அணிசெய்யும் சிற்பங்கள் எத்துணை அழகியவாயினும், அதன் ஓட்டம் ஒரு சிறு ஆணியை நம்பியே இருக்கின்றது. இன்று நம் வீதிகளில் ஓடும் கார்களையும், பிக்கப் என்றும் கெப் என்றும் வழங்கும் சுமைவண்டிகளையும் நோக்குமிடத்து இப் பழமொழி புதுப்பொருள் பெறுகின்றது. தேரின் அச்சாணி கழன்றால் வழியோரத்து மரத்தில் ஒரு கிளையை வெட்டிச் செதுக்கிச் செருகிவிடலாம். இன்றைய வண்டியின் அச்சாணியோ தீப்பெட்டியளவான ஒரு கூட்டுக்குள் மின்சுற்றாக ஒளிந்திருக்கின்றது. அது பழுதுற்றதை அறிவதற்கே ஒரு கருவி வேண்டும். அக் கருவி கூறுவதை விளங்கிக்கொள்ள ஒரு நிபுணர் வேண்டும். மாற்றுறுப்புக்குக் கொழும்பையும், சிலவேளை யப்பானையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"இப்போது வரும் வண்டிகள் முன்னையவை போல உழைப்பதில்லை" என்னும் குறை ஊவா மலைநாட்டில் எங்கும் கேட்கின்றது. பதுளை நகரத்துக் கராஜ்களிலும், பண்டாரவளைச் சந்தையில் மரக்கறி மூட்டைகளை இறக்கும் சாரதிகளிடத்தும், தோட்டத்துக் கடைவாசல்களிலும் இதே பேச்சுத்தான். இக் குறையில் உண்மை எவ்வளவு, பழமைமீது கொண்ட பற்று எவ்வளவு என்பதை இங்கு சற்று ஆராய்வோம்.

மலைநாட்டின் கணக்கு வேறு

சமவெளி நகரங்களில் வண்டி வழியில் நின்றுவிட்டால் அது ஒரு தொல்லை, அவ்வளவே. மற்றொரு பஸ்ஸில் ஏறி வீடு போய்ச் சேரலாம். மலைநாட்டின் கணக்கு வேறு. அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. பதுளை நகரமோ 700 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்திருக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வண்டி எத்தனை முறை ஏறி, இறங்கி, வளைந்து திரும்பவேண்டும் என்பதை அப் பாதையிற் சென்றோர் அறிவர். பசறையிலிருந்து லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் செல்லும் பாதைகளும், நமுனுகுலை மலையைச் சுற்றியுள்ள தோட்டப் பாதைகளும் இன்னும் கடினமானவை.

புகையிரதம் 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்தது. ஆயினும் நிலையத்திலிருந்து லயத்து வாசல்வரை மனிதரையும் பொருளையும் சுமக்கும் பொறுப்பை நாளடைவில் மோட்டார் வண்டியே ஏற்றுக்கொண்டது. கொழுந்து, தேயிலைப் பெட்டி, அரிசி மூட்டை, கலியாண வீட்டுப் பந்தற்கம்பு என அது சுமந்தவை பல. அவற்றுள் மிகப் பெரிய சுமை நோயாளியின் உயிராகும். நள்ளிரவிற் பிரசவ வேதனை கண்ட பெண்ணையும், மூச்சுத் திணறும் குழந்தையையும் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்த தோட்டத்து லொறிகளின் கதை எத்தனையோ குடும்பங்களில் உண்டு. 2016இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இக்காலத்துப் பேருதவி. எனினும் பிரதான வீதியை விட்டுப் பல மைல் உள்ளே, கற்பாதையின் முடிவிலுள்ள லயங்களில் வாழ்வோர்க்கு முதற்றுணை அண்டை வீட்டாரின் வண்டியே.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொணர்ந்த பெருமழையால் மண்சரிவுகள் பதுளை மாவட்டத்துப் பாதைகளைப் பல இடங்களில் துண்டித்தன. அத்தகைய நாள்களில் வெளியிலிருந்து உறுப்பும் வராது, நிபுணரும் வரமாட்டார். ஆகவே நம்பத்தக்க வண்டி என்பதற்கு மலைநாட்டார் தரும் பொருள் தனியானது. பழுதே வராத வண்டியை எவரும் கேட்கவில்லை. பழுது வந்தால் நின்ற இடத்திலேயே, அருகிலிருக்கும் கைகளாலேயே திருத்தத்தக்க வண்டியையே அவர்கள் நம்பினார்கள்.

பழைய வண்டிகளின் பெருமை

இலங்கையின் நடுத்தரக் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமான மொரிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரால் வடிவமைக்கப்பெற்று 1948இல் வெளிவந்த இக் கார், 1971இல் உற்பத்தி நிறுத்தப்படும்வரை ஏறக்குறைய 16 இலட்சம் அளவிற் செய்யப்பட்டது. மூடியைத் திறந்தால் அதன் யந்திரத்தைச் சுற்றிக் கைநுழைய இடமுண்டு. ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும். பெற்றோல் பம்ப் நின்றால் அதன் தலையில் மெல்லத் தட்டுவார்கள், ஓடத் தொடங்கும். தீப்பொறி குன்றினால் டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றிப் புள்ளிகளைத் தேய்த்துச் சீர்செய்வார்கள். ஏற்றத்தில் றேடியேற்றர் கொதித்தால் ஓடைநீரை வார்ப்பார்கள். பற்றரி இறந்தால் முன்புறத்துக் கைப்பிடியைச் சுழற்றி யந்திரத்தை எழுப்புவார்கள். இவற்றைச் செய்வதற்குப் பட்டமும் பயிற்சிச் சான்றிதழும் வேண்டியிருக்கவில்லை. பார்த்துப் பழகிய பழக்கமே போதுமாயிருந்தது.

இதற்குத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையும் ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது என்பதை மறத்தலாகாது. கொழுந்து உருட்டும் பொறிகளையும், பெல்பாஸ்ற் நகரத்து டேவிட்சன் நிறுவனம் செய்த சிரொக்கோ என்னும் உலர்த்திகளையும் பல தலைமுறைக்காலம் ஓடவைத்தவர்கள் தொழிற்சாலைப் பிற்றர்மார். தேய்ந்த உறுப்பைக் கடைசலிற் கடைந்து புதிதாக்கும் கை, லொறியின் உறுப்பையும் ஆக்கும் கையாயிற்று.

நம்மைப் போலவே தேயிலை விளையும் டார்ஜிலிங் மலைகளில், மானேபஞ்சன் என்னும் ஊரிலிருந்து சந்தக்பு சிகரத்துக்கு 1950களிற் செய்யப்பெற்ற லாண்ட் ரோவர் வண்டிகள் பல்லாண்டு காலம் பயணிகளை ஏற்றிச் சென்றன. அவற்றை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவ்வூர்ச் சாரதிகளே. இன்னொரு வியப்பும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் கார்களைப் புதுப்பிக்கும் நிலையத்தை நடத்திய சார்ல்ஸ் வெயார் என்பவர், 1990களின் தொடக்கத்தில் இலங்கைத் தொழில்முனைவர் ஒருவருடன் சேர்ந்து, அக் காரின் உடற்றகடுகளை நம் நாட்டிலேயே செய்வித்தார். ஆங்கிலேயர் செய்த காருக்கு இலங்கையர் கைகள் உறுப்புச் செய்து ஆங்கிலேயருக்கே அனுப்பின! நீண்டநாள் உழைக்கும் காரை வைத்திருத்தலே சிக்கனம் என்று 1982இலேயே நூல் எழுதியவர் அவர்.

பழமையின் குறைகள்

இவ்வளவு கூறியதால் பழையன யாவும் பொன்னென்று கொள்ளுதல் தவறாகும். அதே மொரிஸ் மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் திருகுமூட்டுக்கு உரிய காலத்திற் கிரீஸ் இடாதுவிட்டால், அது தேய்ந்து கழன்று, சக்கரமே மடிந்து வண்டி தரையில் அமர்ந்துவிடும். அக்காலத்துப் பிரேக்குகள் நீண்ட இறக்கத்திற் சூடேறித் தளர்ந்துபோகும். ஆசனப்பட்டி அரிது, காற்றுப்பை இல்லை, மோதலின் வேகத்தைத் தன்மேல் ஏற்று மடியும் முன்னுடல் இல்லை. புகையோ சொல்லுந்தரமன்று.

மலைப்பாதையில் இவை சிறிய விடயங்கள் அல்ல. 2025 செப்டெம்பர் 4ஆந் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்ததை நாடு மறந்துவிடவில்லை. இத்தகைய சரிவுகளில் சக்கரம் வழுக்காமற் பிடிக்கும் பிரேக்கும், உறுதியான உடலும், ஆசனப்பட்டியும் உயிர்காக்கும் சாதனங்கள். புதிய வண்டிகள் இவற்றைத் தந்திருக்கின்றன.

நீண்ட ஆயுளையும் தந்திருக்கின்றன. அமெரிக்க வீதிகளில் ஓடும் வண்டிகளின் சராசரி வயது 2024இல் 12.6 ஆண்டுகளாக இருந்தது. முன்னைய தலைமுறையினர் கேட்டால் நம்பமாட்டார்கள். யந்திரத்தின் உலோகமும், எண்ணெயும், துருப்பிடியாப் பூச்சும் பெரிதும் முன்னேறிவிட்டன. அப்படியாயின் குறை எங்கே பிறக்கின்றது?

நோயின் இடம்

குறை யந்திரத்தின் நடுவிற் பிறப்பதைவிட, அதனைச் சூழ்ந்துள்ள நுண்கருவிகளிலேயே மிகுதியாகப் பிறக்கின்றது. இன்றைய காரொன்றிற் பல சிறு கணினிகள் உள்ளன. யந்திரத்தை ஒன்று ஆளும். கியர்பெட்டியை ஒன்று ஆளும். பிரேக்கை, கதவை, விளக்கை வேறு வேறு கணினிகள் ஆளும். வெப்பம், அழுத்தம், வேகம் ஆகியவற்றை அளந்து அவற்றுக்குச் செய்தி சொல்பவை உணரிகள். ஓர் உணரியின் கம்பிமுனையில் மலைப்பனியின் ஈரம் ஏறிப் பச்சைபிடித்தாற் போதும்; பொய்ச்செய்தி கேட்ட கணினி, யந்திரத்தைக் காப்பதாக எண்ணி அதன் வலுவைக் குறைத்துவிடும். பெருஞ்சுமையோடு ஏற்றத்தில் நிற்கும் வண்டி ஆமையாகிவிடும்.

அடுத்தது டீசல் வண்டி. பழைய யந்திரங்களில் ஊசித்துளைவழி டீசலைச் செலுத்திய அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சில நூறு மடங்கு. இன்று அது 2,000 மடங்குவரை செல்கின்றது. இதனாற் சிக்கனமும் வலுவும் பெருகின. ஆனால் டீசலிற் சிறிது நீரோ தூசியோ கலந்துவிட்டால் நுண்துளைகள் கெட்டு, பெருஞ்செலவு வந்துசேரும். பீப்பாயில் அடைத்து வைத்துப் புனலால் வார்க்கும் தோட்டத்து வழக்கத்தை இவ் யந்திரம் பொறுக்காது.

மூன்றாவது, புகைக்கரியை வடிக்கும் சல்லடை. சேர்ந்த கரியை ஏறக்குறைய 600 பாகை வெப்பத்தில் தானே எரித்துத் தூய்மை செய்துகொள்ளும் அமைப்பு அது. அதற்கு வண்டி சிறிது நேரம் இடைவிடாது சீரான வேகத்தில் ஓடவேண்டும். வளைவுக்கு வளைவு வேகம் குறைத்து, லயத்திலிருந்து கடைக்கும் கடையிலிருந்து தொழிற்சாலைக்கும் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு அந்த வாய்ப்பு எங்கே? சல்லடை அடைபடுகின்றது; எச்சரிக்கை விளக்கு எரிகின்றது. பரந்த வீதிகளுள்ள நாட்டிலும் இச் சல்லடை தொல்லை தந்ததுண்டு. 2015 ஒக்ரோபருக்கும் 2020 ஏப்ரிலுக்கும் இடையில் அவுஸ்திரேலியாவில் விற்கப்பட்ட ஹைலக்ஸ், போர்ச்சூனர், பிராடோ ஆகிய 264,170 டொயோட்டா டீசல் வண்டிகளின் சல்லடை அமைப்பிற் குறையிருந்ததாக அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. அங்கே நெடுஞ்சாலையில் வேகமாக ஓடுவதே அதனைத் தாக்கிற்று. உழைப்புக்குப் பேர்பெற்ற ஹைலக்ஸ் வண்டிக்கே இக் கதியானால் மற்றவற்றைப் பற்றி என்ன சொல்வது!

கார்களிலும் இதே நிலை. ஹொண்டா நிறுவனம் 2013 செப்டெம்பரிற் புதிய பிற் ஹைபிரிட் காரை யப்பானில் வெளியிட்டது. ஓராண்டும் சில வாரமும் கழிவதற்குள், 2014 ஒக்ரோபரளவில், அதனை ஐந்து முறை திரும்ப அழைக்க நேர்ந்தது. அவற்றுட் சில, இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டியை ஆளும் கணினி நிரலின் குறையால் ஏற்பட்டவை. நிறுவனத்தின் தலைவர் பொறுப்பேற்று மூன்று மாதங்களுக்குத் தம் சம்பளத்தில் 20 வீதத்தைக் குறைத்துக்கொண்டார். பிற், வெசல் ஆகிய இவ்வினக் கார்கள் நம் வீதிகளில் எத்தனை ஓடுகின்றன என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

அமெரிக்காவில் மூன்றாண்டு பழகிய வண்டிகளின் குறைகளைக் கணக்கிடும் ஜே. டி. பவர் நிறுவனம், 100 வண்டிகளுக்கு 2024இல் 190 குறைகளையும் 2025இல் 202 குறைகளையும் கண்டது. ஆகவே மலைநாட்டார் சொல்லும் குறை வெறும் பழமைப்பற்று அன்று.

வந்துசேராத கடிதம்

தொழிற்சாலையிற் குறை கண்டால் வண்டியைத் திரும்ப அழைத்து இலவசமாகத் திருத்திக் கொடுப்பது நல்ல வழக்கமே. ஆனால் அவ்வறிவித்தற் கடிதம் யப்பானிற் பதிவாகியிருந்த உரிமையாளரின் முகவரிக்குச் செல்கின்றது. அவர் விற்ற கார் கப்பலேறி, அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் இறங்கி, இரண்டு கை மாறி ஹாலி-எலக்கு வந்திருக்கலாம். கடிதம் அதனைத் தொடர்ந்து வருவதில்லை.

இது பணத்தோடு மட்டும் முடியும் விடயமன்று. டகாட்டா என்னும் யப்பானிய நிறுவனம் செய்த காற்றுப்பைக் கருவிகளில், நீடித்த வெப்பமும் ஈரப்பதமும் உள்ளிருந்த வெடிபொருளைப் பழுதாக்கின. மோதலின்போது உயிரைக் காக்கவேண்டிய கருவி உலோகத் துண்டுகளைச் சிதறிப் பலரைக் கொன்றது. 2017இல் அந்நிறுவனம் வங்குரோத்தாயிற்று. வெப்பமும் ஈரமும் நிறைந்த நாட்டில் வாழும் நாம் இதனை அறியாதிருத்தல் ஆபத்தாகும்.

நம் நாட்டில் வண்டி வாங்குவதோ வாழ்நாளில் ஒருமுறை நிகழும் பெருஞ்செயல். அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. வரியோ வண்டியின் விலையை விஞ்சி நிற்கின்றது. இந்நிலையிற் பட்டா லொறி ஒன்றையோ பழைய கார் ஒன்றையோ கடன்பட்டு வாங்கிய குடும்பத்துக்கு, ஒரு கணினிப்பெட்டி பழுதாவது பிள்ளையின் படிப்புச் செலவு பறிபோவதற்குச் சமம்.

அறிவு யாருக்குரியது?

இங்கேதான் மூலக்கேள்வி எழுகின்றது. பணங்கொடுத்து வாங்கிய வண்டியின் நோயை அறியும் உரிமை யாருக்குரியது? பழைய வண்டிகளோடு திருத்தும் முறையைக் கூறும் நூல் கிடைத்தது. இன்று அவ்வறிவு நிறுவனத்தின் பூட்டுக்குள் இருக்கின்றது. புதிய உறுப்பைப் பொருத்தினாலும், நிறுவனத்தின் கருவி அதற்கு அனுமதி எழுதாவிட்டால் வண்டி அதனை ஏற்பதில்லை.

இதற்கு மாற்றுண்டு. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து எல்லாக் கார்களிலும் ஒரேவகையான 16 முனைச் செருகுவாய் இருத்தல் கட்டாயமாயிற்று. எக் கருவியாலும் அடிப்படைக் குறைகளை அதன்வழி வாசிக்கலாம். மசாசூசெற்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்து, நிறுவனத்தின் கராஜுக்குக் கிடைக்கும் தகவல் சிறு கராஜுக்கும் கிடைக்கவேண்டும் என்னும் சட்டத்தைப் பெற்றனர். இந்திய அரசு 2022 டிசெம்பரில், மோட்டார் வாகனங்களையும் உள்ளடக்கித் திருத்தும் உரிமைக்கான இணையவாயில் ஒன்றைத் திறந்தது. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் உண்டு. வண்டியை விற்போர் திருத்தும் தகவலையும் உறுப்பையும் இத்தனை ஆண்டு வழங்கவேண்டும் என்னும் விதியும் தெளிவாக எழுதப்பெற வேண்டும்.

சட்டம் மட்டும் போதாது, கைகளும் வேண்டும். 1959இல் மேற்கு ஜேர்மனியின் உதவியோடு தொடங்கப்பெற்ற இலங்கை – ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் எண்ணற்ற மோட்டார்த் தொழிலாளரை உருவாக்கிற்று. அத்தகைய பயிற்சி தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தமிழில், பதுளையிலேயே கிடைக்கவேண்டும். ஸ்பானரைப் பிடித்த தந்தையின் மகன், மடிக்கணினியையும் பிடிக்கக் கற்றால், விட்டுப்போன சங்கிலி மீண்டும் இணையும். கல்லூரி மாணவர் இதனைத் தாழ்ந்த தொழிலென்று கருதற்க. பௌதிகத்தில் மின்னோட்டமும் அழுத்தமும் படித்தவருக்கு இத் துறையில் வேலை காத்திருக்கின்றது.

வாங்குமுன் கேட்கத்தக்கவை

வண்டி வாங்க எண்ணும் குடும்பங்கள் நிறத்தையும் திரையையும் பார்ப்பதற்கு முன் சிலவற்றைக் கேட்டறிதல் நலம்.

முதலாவது, இவ்வினத்தைத் திருத்தத்தக்கவர் பதுளையிலோ பண்டாரவளையிலோ எத்தனை பேர்? கொழும்பில் மட்டுந்தான் என்றால், இழுத்துச் செல்லும் கூலியையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இது திரும்ப அழைக்கப்பட்ட வண்டியா? யப்பானிய நிறுவனங்களின் இணையத்தளங்களிற் சட்டக இலக்கத்தைக் கொடுத்துத் தேடினால் விடை கிடைக்கும். வந்துசேராத கடிதத்தை நாமே போய் வாசிப்பதற்கு ஒப்பானது இது.

மூன்றாவது, டீசல் வண்டியாயிற் கரிச்சல்லடை உண்டா? இருந்தால், தூய டீசலையே இடவும், வாரத்தில் ஒருநாளாவது சீரான வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டவும் நம்மால் இயலுமா?

நான்காவது, ஹைபிரிட் காராயின் பெரிய பற்றரியின் நிலை யாது? பின்னாசனத்தருகே உள்ள காற்றுவழி தூசியால் அடைபட்டாற் பற்றரி சூடேறிக் கெடும். அதனைத் துடைத்து வைப்பது ஒரு சிறுபிள்ளையாலும் ஆகும்.

ஐந்தாவதாக ஒரு வேண்டுகோள். முன்சொன்ன செருகுவாயிற் பொருத்திக் கைப்பேசியில் வாசிக்கும் சிறு கருவி, ஒரு டயரின் விலையினும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றது. அதனை வாங்கி வண்டியில் வைத்திருங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் முதலிற் குறை இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவ்விலக்கம் சுட்டும் உறுப்பை உடனே மாற்றச் சம்மதியாதீர்கள். அதற்குச் செல்லும் கம்பியையும் இணைப்பையும் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல வேளைகளில் நோய் அங்கேயே தீர்ந்துவிடும்.

புதிய வண்டிகளை வெறுத்துப் பழையவற்றுக்குத் திரும்புதல் ஆகாத காரியம். மொரிஸ் மைனர் இனிப் பிறக்கப்போவதில்லை. பிறந்தாலும் அதன் பிரேக்கை நம்பி நம் பிள்ளைகளை அப்புத்தளை இறக்கத்தில் அனுப்ப மனம் வராது. நாம் வேண்டுவது, புதிய வண்டியின் பாதுகாப்போடு பழைய வண்டியின் திறந்த உள்ளமும் சேர்ந்திருத்தல். அதனைச் செய்வோரிடமும் விற்போரிடமும் ஆள்வோரிடமும் கேட்பதற்கு வாங்குவோராகிய நமக்கு உரிமையுண்டு. வண்டி காட்சிக்கு நிற்கையிற் கேட்காத கேள்வியை, நள்ளிரவில் நோயாளியோடு மலைவளைவில் நிற்கையிற் கேட்டுப் பயனில்லை. ஆதலால், கையொப்பம் இடுமுன் கேளுங்கள்.